பழைய டேட்டாபேஸில் இருந்தவர்

அந்தக் கோடையிலிருந்து ஊரில் செத்தவர்கள் யாரும் போகவில்லை, பிறந்த குழந்தைகள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்துக்கு ஒரு டேட்டாபேஸ் போதவில்லையென்று, அதைக் கட்டிய புரோகிராமர் இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்திருந்தாள். எழுதுவதெல்லாம் புதியதில், படிப்பதெல்லாம் பழையதில் என்று பிரித்தவள், புதியதை அன்றன்றைக்குப் பழையதில் நகலெடுக்கும் வரியை எழுத மறந்துபோனாள். ஊர், புதிய சாவும் பிறப்பும் ஏறாத பழையதைப் பார்த்தே நடந்தது. தண்ணீர் மீட்டர் பார்ப்பவர், தன்னை அடக்கம் செய்த மறுநாளும் வந்து மீட்டர் பார்த்தார். புரோகிராமருடைய ஆபீஸ் மேலாளரின் செத்துப்போன மாமியாரும் திரும்பி வந்தார். மேலாளர் அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டையும் ஆபீஸிலேயே வைத்துக்கொண்டார்.

புரோகிராமர் தவறை இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அதற்குள் மாரடைப்பில் செத்திருந்த அவள் கணவன், எப்போதும்போல் சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து டீ கேட்டான். யாருக்கு மனசு வரும்? நாலு மாதம் அவள் அந்த வரியை எழுதாமலே வைத்திருந்தாள்.

பிறகு, அதே வீட்டில் இருந்த அவள் தங்கைக்குப் பெண் பிறந்தது. அழுகை கேட்டது, கையில் கனம் தெரிந்தது, உருவம் இல்லை. செத்தவர்களுக்கு மட்டும் அந்தக் குழந்தைகள் தெரிந்தன. அவர்களும் புதியதில் எழுதப்பட்டவர்கள்தானே. கணவன்தான் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சட்டை மாட்டினான். "மூக்கு அப்படியே உன்னுதுதான்" என்று பெற்றவளுக்குச் சொன்னான். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது, தெரியாத உடம்பில் எங்கே ஊசி போடுவது என்று நர்ஸ் திருப்பி அனுப்பினார்.

"அக்கா, எம்பொண்ணு மொகத்த நான் எப்பக்கா பாக்கறது?" என்று தங்கை அழுதாள்.

கணவன் புரோகிராமரைத் தனியே அழைத்தான். "ரெண்டையும் ஒண்ணாக்கிடு. குழந்த ஒடம்பு கொதிக்குது."

"உங்க பதிவ மட்டும் விட்டுட்டு நகலெடுக்கறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"'எம்புருஷன் மட்டும் ஏன் போனாரு'ன்னு மீட்டர்காரர் பொண்டாட்டி வந்து கேட்டா என்ன சொல்லுவே?"

மதியம் அவள் நகலை ஓடவிட்டாள். பதிவுகள் எழுதிய வரிசையிலேயே போயின, அவன் சாவு குழந்தையின் பிறப்புக்கு முந்தியது. அடுத்த அறையில் பிள்ளைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவனின் குரல் பாதியில் நின்றது. ஆறு நிமிஷம் கழித்துத் தங்கை அலறிச் சிரித்தாள். மூக்கு அவளுடையதேதான். சட்டைப் பொத்தான் ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தது.

மறுநாள் நர்ஸ் ஊசி போட்டார், காய்ச்சல் இறங்கியது. அதற்கப்புறம் அந்தப் பெண்ணுக்கு யார் எவ்வளவு கவனமாகச் சட்டை மாட்டிவிட்டாலும் பொத்தான் ஒரு துளை தள்ளியே நின்றது. வீட்டில் யாரும் அதைத் திருத்துவதில்லை.