டிரக்கும் ரோட்ஸ்டரும் முட்டிக்கொண்ட நாள்

அப்பா இறந்த பிறகு அம்மாவும் டெல்பெர்ட் சித்தப்பாவும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம் எங்கள் கோதுமை டிரக்.

அது நாற்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி. பச்சை நிறம்தான், ஆனால் கதவு இடுக்கில் பார்த்தால்தான் அது தெரியும். அப்பா எப்போதும் இடது முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டுதான் ஓட்டுவார். அந்த இடத்தில் பெயிண்ட் தேய்ந்துபோய் இரும்பு வழவழவென்று இருக்கும்.

அப்பாவின் தம்பி டெல்பெர்ட் ஹாட் ராட் பைத்தியம். பழைய கார்களைப் பிரித்து, பெரிய இன்ஜின் வைத்து உறுமவிடுகிற கூட்டத்தில் ஒருவர். அவருடைய கூரையில்லாத சிவப்பு ரோட்ஸ்டர், முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்ட் கார், எங்கள் பலூஸ் குன்றுகள் முழுக்கப் பிரசித்தம். அதன் மேல் யாராவது கை வைத்துவிட்டால் உடனே துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போய்விடுவார். அடக்கம் முடிந்த வாரமே அம்மாவிடம் வந்து டிரக்கைக் கேட்டார். பெயிண்ட் அடித்து, குரோமியம் பூசிக் கண்காட்சிக்கு வைக்கப் போகிறாராம்.

"ஆர்லோ முழங்கை வெச்ச எடத்துல பெயிண்ட் அடிப்பியா நீ?" என்றாள் அம்மா. அன்றோடு பேச்சு நின்றது.

செப்டம்பர் திருவிழா ஊர்வலத்தில் அந்த டிரக்கை எப்போதும் அப்பாதான் ஓட்டுவார். இந்த வருஷம் அம்மா தானே ஓட்டுவதாகச் சொல்லிவிட்டாள்.

"உன்னால முடியுமாம்மா?" என்றேன்.

"நீ வயித்துல இருந்தப்ப லோடு கோதுமையோட இதை ஓட்டியிருக்கேன், மார்லிஸ். பேசாம ஏறு."

ஊர்வலம் தானியக் கிடங்கிலிருந்து கிளம்பி, மெயின் தெருவின் செங்குத்தான இறக்கத்தில் ஓடைப் பாலம்வரை போகும். எல்லாருக்கும் முன்னால் பள்ளிக்கூடத்து பேண்டு. அதன் பின்னால் சித்தப்பாவின் ரோட்ஸ்டர். அதற்குப் பின்னால் நாங்கள். டிரக்கின் பின்புறத்தில் வைக்கோல் கட்டுகள் போட்டு, தேவாலயத்துப் பாட்டுக்குழுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

கிளம்பும் முன்னால் சித்தப்பா எங்கள் பக்கம் வந்தார். "பிரேக்கெல்லாம் பாத்துட்டியா வெர்னா? அதுக்கும் அந்தப் பெயிண்டுக்கும் ஒரே வயசு."

"உன் பொம்மைக் காரைப் போய்த் துடை," என்றாள் அம்மா. ஆனாலும் மிதியை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது.

பாதி இறக்கம்வரை ஒரு குறையும் இல்லை. ஓரத்தில் நின்றவர்கள் கை காட்டினார்கள், நானும் காட்டினேன். பேண்டு வளைவில் சற்றுத் தாமதித்தபோது அம்மா பிரேக்கை அழுத்தினாள். 'டப்' என்று அடியில் ஏதோ விட்டுப்போன சத்தம். மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது.

"மார்லிஸ்," என்றாள். குரல் மிக மெதுவாக வந்தது. "பிரேக் இல்ல."

நான் கைப்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். புகைந்த வாடை வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. முதல் கியருக்கு மாற்றப் பார்த்தாள், பற்கள் கரகரவென்று கத்தின. நல்லவேளை, மறுபடி இரண்டாவதிலேயே போட்டுவிட்டாள். இன்ஜின் பிடித்துப் பார்த்தது. ஆனால் இறக்கம் அதைவிடப் பெரியது. இரண்டு பக்கமும் ஓரக்கல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஜனம், ஊர்வலத்தில் வீசின மிட்டாயைப் பொறுக்கும் குழந்தைகள். ஒடித்துத் திருப்ப இடமே இல்லை. பின்னால் பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

சித்தப்பா எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார். அம்மா ஒரு கையைத் தூக்கி, கீழே காட்டி, இல்லை என்று ஆட்டினாள். அவர் முகம் மாறியது. அவர் நினைத்திருந்தால் அந்தச் சின்னக் காரை பேண்டின் ஓரமாக நுழைத்து பாலத்துப் பக்கம் ஒதுங்கியிருக்கலாம். ரோட்ஸ்டரின் பெட்ரோல் டாங்க் பின்பக்கத்தில்தான் இருக்கிறது, அது அவருக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் அவர் ஒதுங்கவில்லை. எங்கள் வேகத்துக்குத் தன் வேகத்தைக் கூட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ரோட்ஸ்டரின் பின்புறத்தை எங்கள் பம்பருக்கு நேராகக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார்.

நறநறவென்று தகரம் மடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரப்பர் கருகும் நாற்றம். இரண்டு வண்டியும் ஒட்டிக்கொண்டு வழுக்கி, இன்னும் வழுக்கி, கடைசியில் நின்றன. பேண்டின் கடைசி வரிசையில் ட்யூபா என்கிற பெரிய குழல் ஊதுகிறவன் பத்தடி முன்னால் நடந்துகொண்டிருந்தான். பேண்டில் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசித்துக்கொண்டே பாலத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

சித்தப்பா குதித்து ஓடி வந்தார். காரைப் பார்க்கவே இல்லை. நேராக டிரக்கின் பின்னால் போய்ப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார். ஒருத்திக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பிறகு அம்மாவின் கதவைத் திறந்தார்.

"அடி பட்டுச்சா வெர்னா?"

"உன் கார், டெல்பெர்ட்…"

"கார் கெடக்கு. உனக்கு ஏதாவது ஆச்சா?"

அம்மாவின் விரல்கள் ஸ்டீயரிங்கை விட மறுத்தன. அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். அவள் இறங்கினாள். அவர் தோளில் சாய்ந்து விக்கி விக்கி அழுதாள். ஜனங்கள் கை தட்டினார்கள், எதற்கென்று பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

அழுகை அடங்கியதும் இருவரும் நசுங்கிய தகரத்தின் முன்னால் நின்றார்கள். டாங்க் ஒழுகவில்லை. சித்தப்பா குனிந்து பார்த்து, திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னடா?" என்றாள் அம்மா.

"இதே எடம், வெர்னா! இந்தக் காரோட கூடு ஓடைப் பள்ளத்துல துருப்பிடிச்சுக் கெடந்துச்சே, அண்ணன் இந்த டிரக்கை வெச்சுத்தான இழுத்தாரு. மேல வந்ததும் ரிவர்ஸ்ல விட்டு முட்டி நசுக்கினாரு பாரு, இதே எடத்துல. ஒரு குளிர்காலம் பூரா தட்டித் தட்டி எடுத்தேன்."

அம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "தான் முட்டினதாவா ஆர்லோ சொன்னாரு?"

"பின்ன?"

"நீ இன்னும் பள்ளத்துல நின்னுட்டு இருந்தே, ரிவர்ஸ்ல விட்டது நான்தாண்டா. கல்யாணமாகி ஒரு வாரம். புதுப் பொண்ணை நீ திட்டிடுவியோன்னு அவர் பழியைத் தூக்கித் தன் மேல போட்டுக்கிட்டாரு."

சித்தப்பா வாயைப் பிளந்தார். "அத்தனை வருஷமா அந்த மனுஷனைச் சொல்லிக் காட்டிக்கிட்டு இருந்தேனே! ஒரு தடவையாவது வாயைத் திறந்தாரா!"

அதற்குப் பிறகு அவர்கள் சிரித்த சிரிப்பை நான் என்னவென்று சொல்ல. நடுத்தெருவில், ஊர்வலத்துக் குதிரைகளெல்லாம் பின்னால் காத்து நிற்க, இரண்டு கிழடுகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

மறுவாரம் இருவரும் எங்கள் கொட்டகையில் டிரக்கின் அடியில் படுத்து, துருப்பிடித்து வெடித்த பிரேக் குழாயைக் கழற்றினார்கள். எல்லாக் குழாயையும் புதுசாக மாற்றச் சொல்லி அம்மா பிடிவாதம் பிடித்தாள். ரோட்ஸ்டரின் வளைந்த தகரம் பெஞ்சின் மேல் கிடந்தது. நான் காபியோடு போனபோது அடியிலிருந்து சண்டைச் சத்தம்.

"அந்த ஸ்பானரைக் குடுன்னா இதைக் குடுக்கற. கண்ணு தெரியுதா இல்லையா?"

"தெரியுது. நீ கை நீட்டற பக்கம்தான் தப்பு," என்றாள் அம்மா.

காபியைத் தரையில் வைத்துவிட்டு, நானும் அங்கேயே ஒரு டயரின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.