ஒரே கரைசல்தானே?

அக்காவும் தங்கையும் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் பெரியவளுக்குப் பாட்டிலக்கா என்று பெயர். ஆராய்ச்சிக்காகக் கொல்லப்படும் முயல்களின் கண்களைக் கெடாமல் பாட்டிலில் போட்டு வைப்பது அவள் வேலை. அந்த முயல்களுக்குத் தீனி போட்டு, கூண்டு கழுவி, நகம் வெட்டி வளர்ப்பது அவளுடைய தங்கை. முயல்களுக்குப் பெயர் வைக்கக் கூடாது, காதில் எண் மட்டும்தான் என்பது விதி. சின்னவள் லேசுப்பட்டவளா? எல்லாவற்றையும் "மாப்ளே" என்றே கூப்பிட்டாள். அது பெயரில்லையே என்று வாதம் வேறு.

கண் பொல்லாத பொருள். உயிர் போன சில நிமிடங்களுக்குள் கரைசலில் இறங்கியாக வேண்டும். வெறும் ஃபார்மலினில் போட்டால் விழித்திரை கழன்றுவிடும். அதனால் ஆல்கஹாலும் அமிலமும் சேர்த்துத் தனிக்கரைசல் ஒன்றை முன்கூட்டியே கலந்து வைக்க வேண்டும். அன்று காலை, புது மருந்தின் விளைவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்து போடாமல் வைத்திருந்த ஆறு முயல்களோடு அது தீர்ந்துபோனது. மத்தியானம் கலந்திருக்கலாம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவள் டீயும் அரட்டையுமாக உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் மருந்து போட்ட ஆறும் வந்தபோது கையில் இருந்தது வெறும் ஃபார்மலின்தான். அதிலேயே போட்டாள், லேபிளைக் கூட மாற்றவில்லை.

மூன்று வாரம் கழித்து, அந்த மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்த டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தார்.

"மருந்து போட்ட ஆறுலயும் விழித்திரை கழண்டிருக்கு. எல்லாம் ஒரே கரைசல்தானே?"

"ஆமா மேடம்."

"அப்ப மருந்துதான் காரணம். ஏழு வருஷ உழைப்பு. மூட்டை கட்டிட வேண்டியதுதான்."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பெரியவள் பாட்டில்களை அடுக்கினாள், கலைத்தாள், திரும்ப அடுக்கினாள்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்று தங்கை கேட்டதுதான் தாமதம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டா என்ன?"

"திரும்ப முதல்லேருந்து செய்யணும். இன்னும் பன்னெண்டு முயல்." பெரியவள் இழுத்தாள். "அதான்... சொல்லாம விட்டுடலாமான்னு. உன் மாப்பிள்ளைங்களாவது பிழைச்சுக்கும்."

பச்சைப் பொய். அவள் பயந்தது வேலைக்கு.

சின்னவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "வேலை போயிடும்னு பயம்னா அதைச் சொல்லு. முயல் தலையில கட்டாதே. அப்ப முதல் பன்னெண்டும் எதுக்குக்கா செத்துச்சு? நீ டீ குடிக்கவா?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பெரியவள் விடியும்வரை புரண்டு புரண்டு படுத்தாள்.

மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் நின்றபடியே சொன்னாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "கேட்டேனேம்மா. வாயைத் திறந்து கேட்டேனே," என்றார். வேலை போகவில்லை, எழுத்தில் எச்சரிக்கை வந்தது. புதிதாகப் பன்னிரண்டு முயல்கள் வேண்டும் என்ற கடிதத்தையும் அவள் கையிலேயே கொடுத்தார். "கீழே உன் தங்கைகிட்ட நீயே கொண்டு போய்க் கொடு."

சின்னவள் கடிதத்தைப் படித்து மடித்து வைத்தாள். அந்தப் பன்னிரண்டுக்கும் ஒரு மாதம் தீனி போட்டாள், நகம் வெட்டினாள், ஆறுக்கு மருந்து போடப் பிடித்தும் கொடுத்தாள். அக்காவோடு மட்டும் பேச்சில்லை. ஒரே அறையில் படுத்துக்கொண்டு முதுகைக் காட்டினாள்.

அந்த நாளும் வந்தது. பெரியவள் முதல் முயலுக்காகக் கீழே இறங்கினாள். சின்னவள் கூண்டின் முன்னால் நின்றாள்.

"கரைசல் கலந்தாச்சா?"

"ஆச்சு."

"கொண்டு வந்து காட்டு."

பெரியவள் மாடியேறி, கரைசல் நிறைந்த கனமான பாட்டில்கள் இரண்டை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தாள். மூச்சு வாங்கியது. சின்னவள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பன்னெண்டுக்கும் போதுமா?"

"போதும். மிச்சமே இருக்கும்."

அப்போதுதான் சின்னவள் பூட்டைத் திறந்து முயலை எடுத்தாள். மாப்ளே என்று சொல்லவில்லை. காதைப் புரட்டி எண்ணை மட்டும் படித்துவிட்டு, அக்காவின் கையில் கொடுத்தாள்.