தரையில் கிடந்த இறகு

பதினோரு மணிக்கு இடைக்கதவைத் திறப்பதாக ஏற்பாடு. பத்தே முக்காலுக்கே தீவனக்காரி அந்தக் கதவடியில் வந்து நின்றுவிட்டாள்.

ஏன் என்று சொல்ல, முதலில் அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பறவை வளர்ப்பு மையத்தில் பெருங்கொக்குகளுக்கு ஆறு கூண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு வீடு கொள்ளும் அளவு. மேலே வலை, கூண்டுக்கும் கூண்டுக்கும் நடுவே கம்பித் தடுப்பு, அதில் ஓர் இடைக்கதவு. நான்காவதில் இருந்தவள் ஈட்டி. துணையை இழந்த பெண் கொக்கு. மூக்கு அப்படி, அதனால் பெயரும் அப்படி. கொக்கில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒரே அச்சு. போன வருடம் ஆண் என்று நினைத்து ஒரு பெண்ணை அவள் கூண்டுக்குள் விட்டுவிட்டார்கள். ஆட்கள் ஓடி வருவதற்குள் ஈட்டி அதைக் குத்திக் கொன்றுவிட்டாள். அந்தத் தரையைக் கழுவியவள் தீவனக்காரிதான்.

அதிலிருந்து ஒரு சட்டம் வந்தது. மரபணுச் சோதனை முடிவு வராமல் எந்தக் கதவும் திறக்காது. பறவையின் நெஞ்சிலிருந்து ஓர் இறகை வேரோடு பிடுங்கி, அட்டை எழுதி, முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டும். அங்கே வேலை பார்த்தவள் தீவனக்காரியின் சொந்தத் தங்கை. இறகின் வேரிலிருந்து எடுத்த மரபணுவை இயந்திரத்தில் பெருக்கி, கூழ்ப் பலகையில் ஓடவிட்டுப் பார்ப்பாள். ஒரு கோடு விழுந்தால் ஆண், இரண்டு விழுந்தால் பெண்.

ஐந்தாவது கூண்டில் ஓர் இளங்கொக்கு. முட்டையிலிருந்து வெளியே வந்த நாள் முதல் தீவனக்காரி கையில் ஊட்டி வளர்த்தது. அவளைக் கண்டால் ஓடிவந்து சட்டைப் பொத்தானை இழுக்கும். அதற்கு ஒரு கோடு விழுந்தது. அன்றே எல்லாரும் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்று மாப்பிள்ளையை ஈட்டியிடம் விடும் நாள். மேலாளர், பறவை டாக்டர், கையில் முடிவுத் தாளோடு தங்கை, மூவரும் கதவடியில் நின்றார்கள்.

அப்போதுதான் ஈட்டி கூவினாள். ஜோடிக் கொக்குகள் சேர்ந்து கூவும்போது ஆண் நீளமாக ஒரு கூவல் கொடுக்கும், பெண் அதற்குள் குட்டையாக இரண்டு வைக்கும். ஆறு வருடமாகக் கேட்டுக் கேட்டுத் தீவனக்காரிக்கு அது மனப்பாடம். மாப்பிள்ளை முதல் தடவையாகக் கழுத்தை வானத்துக்கு நீட்டிப் பதில் சொன்னது.

குட்டையாக இரண்டு.

"சார், குரல் சரியில்ல சார்," என்றாள்.

டாக்டர் சிரித்தார். "இளசும்மா அது, குரல் இன்னும் உடையல. அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"எதுக்கும் ஒரு வாரம் பொறுத்து..."

"ஒரு வாரத்துல பருவம் போயிடும். என்னம்மா, பொண்ணு வீட்டுக்காரங்க மாதிரி அழுவுற? மாப்பிள்ளைய பிரிய மனசில்லையா?" என்றார் மேலாளர். தாழ்ப்பாளில் கை வைத்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஈட்டி தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தாள். போன வருடமும் இப்படித்தான் வந்தாள். தாழ்ப்பாள் பாதி நகர்ந்தது. தீவனக்காரி ஓரடி முன்னால் வந்தாள். சொன்னால் வேலை போகலாம், தங்கையின் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால்?

அவள் கை தாழ்ப்பாளின் மேல் விழுந்து அமுக்கியது.

"நான் பிடுங்கல சார்."

"எத?"

"இறகை. பிடுங்கினா ரத்தம் வரும்னு மனசு வரல. கூண்டுத் தரையில கிடந்ததை எடுத்துக் குடுத்தேன். ஆறாவது கூண்டுல இருக்கிற ஆண் கொக்கு, அந்தக் கிழவனோட இறகும் காத்துல இங்கதான் வந்து விழும்."

மேலாளர் தாழ்ப்பாளை முழுக்கத் தள்ளி அடைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னுவாங்க. நீ ஒரே பொய்யில கொலை பண்ணப் பாத்தியேம்மா!"

தங்கை கையிலிருந்த தாளை நான்காக மடித்தாள். "அட்டையில பிடுங்கியதுன்னு எழுதியிருந்தியேக்கா."

"எழுதினேன்டி."

"எல்லாருக்கும் ரெண்டு தடவ ஓட்டிப் பாக்குறவ, அக்கா குடுத்ததாச்சேன்னு ஒரு தடவையோட கையெழுத்துப் போட்டேன். எனக்கு வேணும்."

டாக்டர் துண்டை நீட்டினார். "இப்ப பிடுங்கு. நீயே பிடுங்கு."

மாப்பிள்ளை வழக்கம்போல ஓடிவந்து பொத்தானைப் பிடித்தது. அவள் துண்டால் சுற்றிக் கக்கத்தில் அணைத்துக்கொண்டாள். உள்ளங்கைக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒரே இழுப்பு. பறவை அலறிய அலறலில் ஆறு கூண்டும் அடங்கிப்போயின. இறகின் நுனியில் ஒரு பொட்டு ரத்தம்.

ஆய்வுக்கூடத்தில் தங்கை அவளை உட்காரச் சொல்லவில்லை, வெளியே போகவும் சொல்லவில்லை. மூன்று குழாய்கள். ஒன்றில் கிழவனுடையது, ஒன்றில் ஈட்டியுடையது, ஒன்றில் புதியது. இயந்திரம் இரண்டு மணி நேரம் முனகியது. பிறகு பலகையில் முக்கால் மணி நேரம். தீவனக்காரி சுவரில் சாய்ந்து நின்றபடியே இருந்தாள். ஆண் என்றே வந்துவிட்டால், வீணாக ஒரு பருவத்தைக் கெடுத்தவள் என்று பேர். ஆனாலும் கொக்கு பிழைக்கும். பெண் என்று வந்தால்... அந்தத் தாழ்ப்பாள் பாதி நகர்ந்ததே.

தங்கை அறையை இருட்டாக்கி, ஊதா விளக்கைப் போட்டாள்.

"வந்து பாரு."

கிழவனுக்கு ஒரு கோடு. ஈட்டிக்கு இரண்டு. மூன்றாவது வரிசையில், மேலே ஒன்று பளிச்சென்று. அதன் கீழே, விரலால் தொட்டுச் சொல்லலாம்போல, இன்னொன்று.

தங்கை ஊதா விளக்கை அணைத்து, அறை விளக்கைப் போட்டாள்.

"இன்னொரு தடவ ஓட்டணும். அது முடிஞ்சாத்தான் கையெழுத்து," என்றாள். ஒரு புது அட்டையையும் பேனாவையும் முன்னால் தள்ளினாள். "எழுது. எப்படி எடுத்ததுன்னு எழுது."

அவள் எழுதினாள். தங்கை அதை வாங்கிப் படித்துவிட்டு, "இன்னைக்கு வீட்டுல நீதான் பாத்திரம் கழுவுற. ஒரு மாசத்துக்கு," என்றாள். தீவனக்காரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மாலையில் வாளியோடு ஐந்தாவது கூண்டுக்குப் போனாள். மாப்பிள்ளை ஓடி வரவில்லை. கடைசி மூலையில் ஒற்றைக் காலில் நின்று, ஒரு கண்ணால் அவளை அளந்தது. அவள் உட்கார்ந்து, தானியத்தை உள்ளங்கையில் நீட்டினாள். கை மரத்துப்போகும்வரை நீட்டியபடி இருந்தாள். கொக்கு மெல்ல மெல்ல வந்தது. தானியத்தைத் தொடவில்லை. மணிக்கட்டில் நறுக்கென்று ஒரு குத்து வைத்தது.

ரத்தம் ஒரு பொட்டு வந்தது.

அவள் கையை எடுக்கவில்லை. "குத்துடி," என்றாள். "உயிரோட நின்னு குத்துறியே, நல்லா குத்து."