கால் எட்டாத வண்டி

படுக்கையறைச் சுவரில் முதுகை ஒட்டவைத்து, தொடைகளுக்கு நடுவே மகளின் பழைய பள்ளிக்கூட அகராதியை இடுக்கிக்கொண்டு நின்றார் என் கணவர். நான் பென்சிலும் கையுமாக அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். கால் எவ்வளவு நீளம் என்று அளப்பதற்கு இதுதான் சரியான வழியாம். வண்டிக்காரர்கள் யாரோ வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். "அசையாம நில்லுங்க" என்று நான் சொன்னால் எப்பேர்ப்பட்ட ஆளும் கேட்டுக்கொள்வார். இவரிடம் மட்டும் பலிப்பதில்லை.

"கோடு போட்டுட்டியா?"

"எக்காதீங்க முதல்ல."

"எக்கலையே."

"குதிகால் ரெண்டும் அந்தரத்துல நிக்குது."

குதிகாலை இறக்கினார். அகராதியும் கூடவே இறங்கியது. நான் கோடு போட்டேன். திரும்பிப் பார்த்தவர், சுவர் ஏதோ துரோகம் செய்துவிட்ட மாதிரி அந்தக் கோட்டையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. ஊரார் கட்டடங்களுக்குள் மேலே போவதும் கீழே வருவதுமாகவே தலை நரைத்துவிட்டது. மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு, ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஒரு தடவையாவது நேரா போகணும்" என்றார். எங்கே என்று கேட்டேன். ரோட்டில், நிற்காமல், மலை பாலைவனம் எல்லாம் தாண்டி என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துத் தட்டை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டேன். ஆனால் மனிதர் அடுத்த மாதமே ஆறு மாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு என்றால் மோட்டார் சைக்கிள்தான். அதுவும் சும்மா கடைக்குப் போய்வருகிற வண்டி இல்லை. கண்டம் விட்டுக் கண்டம் போகிறவர்கள் ஓட்டுகிற ராட்சச வண்டிகள்.

பார்த்துப் பார்த்துக் கழித்ததில் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று நெடுநெடுவென்று உயரம், ஒல்லி உடம்பு, கல்லோ மண்ணோ எதிலும் ஏறுமாம். பின் இருக்கை என்ற பெயரில் ஒரு பலகை இருந்தது. இன்னொன்று தாட்டியாக, தாழ்வாக, இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிக்கொண்டு இருந்தது. பின்னால் உட்காருகிறவர் சாய்ந்துகொள்ள அதில் திண்டுகூட உண்டு. கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் வெறும் எண்ணும் எழுத்துமாக இருந்தது, என் வாயில் நுழையவில்லை. நானே ஒட்டகம், எருமை என்று பெயர் வைத்தேன். முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் அவரும் "எருமைக்கு டேங்க் பெருசு" என்று ஆரம்பித்துவிட்டார். காலையில் ஒட்டகம், மாலையில் எருமை. பல் தேய்க்கும்போது முடிவெடுத்து, வாய் கொப்பளிக்கும்போது மாற்றிக்கொள்வார்.

வண்டி விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. என் குழப்பம் வேறு. "போகணும், போகணும்" என்கிறாரே, யார் போகணும்? அந்தச் சொல்லுக்குள் துழாவித் துழாவிப் பார்த்துவிட்டேன். அதில் நானும் இல்லை, நாமும் இல்லை. ஒருத்தர் போனாலும் போகணும்தான், ஊரே திரண்டு போனாலும் போகணும்தான். "நான் போகணும்" என்று சொன்னால் சண்டையாவது போடலாம். "நாம போகணும்" என்று சொன்னால் முட்டி வலி, லீவு தரமாட்டார்கள் என்று கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுப் பெட்டியைக் கட்டலாம். இரண்டும் சொல்லாமல் மொட்டையாகச் சொன்னால் மனுஷி என்ன செய்வாள்? நேராகக் கேட்கவும் பயம். "நீ எதுக்கு?" என்று கேட்டுவிட்டால் அப்புறம் இந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவது. சரி, "வாயேன்" என்று சொல்லிவிட்டால்? எனக்குப் போக ஆசையா என்பதே எனக்குத் தெரியவில்லை. அவர் கூப்பிட வேண்டும், அது மட்டும் தெரிந்திருந்தது.

மகள் போனில் கேட்டாள். "அம்மா, நீயும் போறியா?"

"இன்னும் வண்டியே முடிவாகலைடி."

"நான் வண்டியைக் கேக்கலை."

குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் அப்போது ஒன்றுமே இல்லை.

ஆகவே நானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். எருமையை வாங்கினால் நானும் உண்டு. திண்டு யாருக்காக, எனக்காகத்தானே. ஒட்டகத்தை வாங்கினால், வாசலில் நின்று கையசைத்து அனுப்பிவிட்டு, ஆறு மாதம் ஒற்றை ஆளாகக் கதவைத் தாழிட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதனால்தான் அன்று பென்சில் கோட்டைப் பார்த்து எனக்கு உள்ளூரக் கொஞ்சம் நிம்மதி. ஒட்டகம் அந்தக் கோட்டைவிட உயரம். அவரோ சட்டையை மாட்டிக்கொண்டு, "எதுக்கும் ஒட்டகத்தை இன்னொரு தடவை பார்த்துடலாம். நீயும் வா" என்றார்.

"நான் எதுக்கு?"

"சும்மாதான்."

எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதியை அவர் இந்தச் "சும்மாதான்" என்ற ஒரு சொல்லை வைத்தே ஓட்டிவிட்டார்.

ஷோரூமில் புது டயர் வாசனை. டை கட்டிய, மீசை நரைத்த ஒரு விற்பனையாளர் வந்தார். "தனியாவா சார், ஜோடியாவா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை மாதம் என் தொண்டையில் சிக்கிக்கிடந்ததை, முன்பின் தெரியாத ஆள் இப்படிச் சர்வசாதாரணமாகக் கேட்கிறாரே.

"தூரமா போகணும்" என்றார் என் கணவர்.

விற்பனையாளர் ஒட்டகத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, இவர் ஏறி உட்கார்ந்தார். வண்டியை நிமிர்த்தி, சைடு ஸ்டாண்டை அந்த மனிதரே தட்டி மடக்கிவிட்டார். இவருக்குக் கால் எட்டவில்லை. கட்டைவிரல்கள் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன, குழாயைத் திறக்க எக்குகிற குழந்தையின் கால் நிற்குமே, அப்படி. நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"மேடம், நீங்க பின்னால ஏறுங்க" என்றார் விற்பனையாளர்.

"நானா? எதுக்கு?"

"ஏறுங்களேன், நான் பிடிச்சிருக்கேன்."

என் கணவரின் தோளைப் பிடித்து, இரும்பு மிதியில் கால் வைத்து ஏறினேன். பலகை நினைத்த அளவு மோசமில்லை. நான் உட்கார்ந்ததும் வண்டி மெல்ல அமுங்கியது. குனிந்து பார்த்தேன், அவருடைய குதிகால்கள் இரண்டும் தரையில் பதிந்திருந்தன. இறுகியிருந்த தோள்கள் தளர்ந்தது என் கைக்குத் தெரிந்தது.

"எட்டுது" என்றார். அந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று. பிறகு விற்பனையாளரிடம், "லிஃப்ட்டுக்கு ஈடா மறுபக்கம் எதிர் எடை தொங்குமே, அந்த மாதிரி" என்றார்.

"நான் என்ன இரும்புக் கட்டியா?" என்றேன்.

"அது இல்லேன்னா லிஃப்டே கிடையாது" என்றார், திரும்பாமலே.

புகழ்கிறாரா, மெஷினுக்கு விளக்கம் சொல்கிறாரா? வண்டிக் கண்ணாடியில் முகத்தைத் தேடினேன். அதில் அவர் காது மட்டும்தான் தெரிந்தது. மனத்துக்குள் நான் போட்டு வைத்திருந்த கணக்கு தலைகீழாகிவிட்டது. திண்டு வைத்த எருமையை அவர் தனியாகவே ஓட்டிக்கொண்டு போய்விடலாம். இந்த ஒட்டகத்தை நிறுத்த வேண்டுமென்றால் பின்னால் ஆள் வேண்டும்.

நான் இறங்கினேன். வண்டி பெருமூச்சு விட்டு எழும்பியது. குதிகால்கள் மறுபடி அந்தரத்துக்குப் போயின.

"தனியா போறதுன்னா கவலையே வேணாம் சார்" என்றார் விற்பனையாளர். "ஸ்பிரிங்கை மாத்தி உயரத்தை இறக்கிக் கொடுத்துடுவோம். அப்புறம் பின்னால யாரும் உக்கார வேண்டியதில்லை."

என் கணவர் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டயரில் எத்தனை வெட்டு, எந்தப் பக்கம் சாய்ந்த வெட்டு என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

"இறக்க வேணாம்" என்றார்.

"அப்ப தனியா நிறுத்த முடியாது சார். முதல் சிக்னல்லயே சாஞ்சிடும்."

"தெரியும்."

இது என்ன, என்னைக் கூப்பிடுகிறாரா, இல்லை வெறும் வீம்பா? காலைக் கடிக்கிற ஷூவை, போகப் போகச் சரியாகும் என்று வருஷம் முழுக்க நொண்டிக்கொண்டே போட்ட மனிதர் இவர். வண்டியோடும் அப்படி மல்லுக்கட்டுவாராயிருக்கும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு சேர்ந்து எரிச்சலும் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனிதருக்கு என்ன குறைந்துவிடும்?

உள்ளே போன் அடித்தது. "ஒரு நிமிஷம் சார்" என்று விற்பனையாளர் வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. வண்டியை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. என் கணவர் மெல்ல இடது பக்கம் நழுவி, ஒற்றைக் காலின் முன்பாதத்தில் அத்தனை பாரத்தையும் தாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலை எடுத்தால்தான் ஸ்டாண்டை இறக்க முடியும். எடுத்தால் வண்டி விழும். காதோரம் வேர்த்துவிட்டது.

"ஏம்மா."

"என்ன?"

"கொஞ்சம் காலை வையேன்."

ஓடிப் போய் இடது பக்கம் நின்றேன். அங்கே இரண்டு இரும்புகள் இருந்தன. கீழே, மடங்கிக் கிடந்த ஸ்டாண்ட். அதை மிதித்து இறக்கினால் வண்டி அதன் மேல் சாய்ந்துகொள்ளும், அவர் இறங்கிவிடலாம். அதற்குச் சற்று மேலே, கொஞ்சம் பின்னால், நான் முன்பு ஏறிய மிதி. அதில் ஏறி உட்கார்ந்தால் வண்டி அமுங்கும், அவர் குதிகால் தரையில் பதியும்.

"எதுலங்க?" என்றேன்.

"சீக்கிரம்" என்றார்.

ஒரு கையை அவர் தோளில் ஊன்றிக்கொண்டேன். சட்டை நனைந்திருந்தது. செருப்பிலிருந்து காலை உருவித் தூக்கினேன். இரண்டு இரும்புக்கும் நடுவே என் கால் நின்றது. கீழே அவருடைய குதிகால் தரையைத் தேடி நடுங்கிக்கொண்டிருந்தது.