எதிர்ப்பக்கம் சாயும் நெருப்பு

ஏழாயிரம்பண்ணை ராஜபாண்டியன் பக்கத்தில் வந்தால் நெருப்பு அவரை விட்டு விலகி எதிர்ப்பக்கம் சாயும். பங்குனித் திருவிழாவில் அவர் பூக்குழி இறங்கிய அன்று இது தொடங்கியது. கங்குகள் அவர் காலுக்கு வழிவிட்டு இருபுறமும் ஒதுங்கியதை ஊரே பார்த்தது. அருள் வந்து ஆடிய மொக்கைச்சாமி அவர் நெற்றியில் திருநீற்றை அப்பி, "ஏலே, இனிமே நெருப்பு ஒன்னத் தொடாது" என்றார். அதற்கு மேல் சாமி எதுவும் சொல்லவில்லை. மறுநாள் டீக்கடையில் அவர் போய் நின்றதும் அடுப்புச் சுவாலை மறுபக்கம் சாய்ந்து கடைக்காரர் சோணைமுத்துவின் மீசையைக் கருக்கியது. "மொதலாளி, சாமி ஒங்களுக்குக் குடுத்த வரத்துக்கு எம் மீசையா காணிக்க?" என்று அவர் கேட்க, கடையே சிரித்தது. ராஜபாண்டியனும் சிரித்தார்.

அப்போது அவருக்கு இருந்தது மானாவாரி நிலத்தை விற்றுக் கட்டிய சின்னப் பட்டாசுக் கம்பெனி. நெருப்பே அஞ்சும் ஆளுக்கு இது போதுமா என்று தோன்றிவிட்டது. இரண்டு சீசனுக்குள் பொட்டல் முழுக்க அறைகள் எழுந்தன. நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் பத்துப் பேர் உட்கார்ந்தார்கள். சிவகாசிப் பக்கம் தன்னைவிடப் பெரிய கம்பெனி இருக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னார். கலந்த வெடிமருந்தில் மிஞ்சியதை அன்று சாயங்காலமே வெட்டவெளியில் கொட்டி எரித்துவிடுவது அங்கெல்லாம் வழக்கம். வைத்திருந்து ஈரம் பட்டால் மருந்து தானாகவே சூடேறும். தினமும் நின்று எரித்தவள் அவர் மனைவி கற்பகம். தீபாவளி ஆர்டர் குவிந்த ஆவணியில் அவர் அதை நிறுத்தினார்.

"மிஞ்சுனத வச்சிருக்காதீக. பயமா இருக்கு."

"நெருப்பே எனக்குப் பயப்படுது. நீ எதுக்குப் பயப்படுத?"

"சாமி ஒங்களத்தான சொல்லுச்சு? எங்களச் சொல்லலையே."

அன்றிரவு மழை பெய்தது. காலையில் மருந்து அறையிலிருந்து புகை கிளம்பியதும், பக்கத்து அறையில் வேலை செய்துகொண்டிருந்த பெண்களைக் கற்பகம் ஒவ்வொருவராக வெளியே தள்ளினாள். அவளும் வெள்ளைத்தாய் என்ற வேலைக்காரப் பெண்ணும் மட்டும் மிஞ்சியபோது, அவர்களுக்கும் வாசலுக்கும் நடுவே நெருப்பு எழுந்தது. பின்சுவரோடு ஒட்டி நின்ற இருவரையும் அது இன்னும் எட்டவில்லை. மணல் வாளிகளோடு ஆட்கள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முந்தி ராஜபாண்டியன் வாசலில் நுழைந்தார்.

"அங்கனயே நில்லுங்க! கிட்ட வராதீக!"

தனக்காகப் பயப்படுகிறாள் என்று அவர் நினைத்தார். "எனக்கு ஒண்ணும் ஆகாது கற்பகம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அவர் ஓரடி வைக்க, நெருப்பு மரியாதையாக ஓரடி பின்வாங்கியது, பின்சுவரை நோக்கி. அவள் கத்தியது பாதியில் நின்றது. அவர் சுவரைத் தொட்டபோது அறையில் நெருப்பு இல்லை. அவர் வேட்டியில் கரிகூடப் படவில்லை.

சுடுகாட்டில் அவரைத் தூரத்தில் உட்காரவைத்துவிட்டு, கற்பகத்தின் தம்பி அருள்பாண்டி கொள்ளி வைத்தார். கம்பெனியில் இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ராஜபாண்டியன் தினமும் காலையில் டீ குடிக்க வருகிறார். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும், சோணைமுத்து அடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களை எழுப்பி, அவர் வந்து நிற்கும் பக்கம் வரச்சொல்கிறார். தானும் வந்து நின்றுகொண்டு, பாலை அடுப்பில் ஏற்றுகிறார்.