பதினாலு வரியும் நான் சொன்ன தீர்ப்பும்

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் அவ்வளவு கௌரவமானதல்ல. மாடி வீட்டு அனந்தலக்ஷ்மி படித்துக் காட்டச் சொன்ன கடிதத்தை, அவள் கேட்டதற்கு மேலே இரண்டு தடவை படித்தேன்.

(முதலில் எழுதிய தொடக்கம்: "சரோஜினி நகரில் மே மாத மத்தியானம் கூலர் ஓடும்போது வீடே தண்ணீருக்கடியில்..." அழகாக இருந்தது. சந்தேகம் வந்து விட்டுவிட்டேன்.)

2
அனந்தலக்ஷ்மி டில்லியிலேயே பிறந்தவள். முப்பத்திரண்டு வயது. தமிழ் பேசுவாள், படிக்க வராது. அவள் ஆபீஸ் வெங்கடேஸ்வரனுக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல்; வெள்ளிக்கிழமை ரயில். அதற்குள் பதில் வேண்டுமென்று இங்கிலீஷ் சானட் பாணியில் பதினாலு வரி தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். கல்யாணம் என்ற வார்த்தை மட்டும் அதில் இல்லை.

பள்ளிக்கூடத்தில் தமிழில் நான்தான் முதல். வரிகளின் தலையைப் பார்த்தேன். எதுகை இல்லை, மோனை இல்லை. வரிக்கு நாலு சீர், அது சரி. 'நிற்கிறேன்' மட்டும் மூன்று இடத்தில். சரக்குத் தீர்ந்த மனுஷன், வேண்டாம் என்றேன்.

புதன்கிழமை அவரிடம் முடியாதென்று சொல்லிவிட்டாள்.

3
வியாழன் மத்தியானம். கூலர் தண்ணீர் வெட்டிவேரில் நாலு நாலாகச் சொட்டியது. அரைத் தூக்கத்தில் வரிகள் தாமாகவே மிதந்து வந்தன:

பனியில் நிற்கிறேன், பேருந்து போகட்டும்;
உள்ளங்கைச் சூடு மெதுவாய் ஆறட்டும்.

போகட்டும், ஆறட்டும். பதினாலு வரியும் வாலில் ஜோடி சேர்ந்திருந்தன. சானட்டின் ஓசை அங்கேதான் இருக்குமாம். நான் தலையிலேயே தேடியிருக்கிறேன்.

(வெங்கடேஸ்வரனை நேரில் பார்த்திருக்கிறேன். மூக்குப்பொடி போடுவார். அதை இங்கே எழுதினால் கனவு கலை... வேண்டாம்.)

4
சாயங்காலம் படியேறிப் போய்த் தப்பை ஒப்புக்கொண்டேன். அவள் அந்த மூன்று 'நிற்கிறேன்' பற்றித்தான் பேசினாள்.

"மூணு குளிர்காலம் மாமி. தன்னோட பஸ்ஸை விட்டுட்டு, என் பஸ் வர வரைக்கும் நின்னார்."

"தெரிஞ்சா என்னை ஏண்டி கேட்டே?"

"எனக்குத் தெரிஞ்சதைத் தமிழ் தெரிஞ்சவா வாயால கேக்கணும்னு இருந்தது."

5
முடிவு அ: வெள்ளிக்கிழமை அவள் ஸ்டேஷனுக்கு ஓடுகிறாள், ரயில்... (சினிமா.)

முடிவு ஆ: வழக்கம்போல ஆபீஸ் போய் ஃபைல்... (இதை எழுதக் கை வரவில்லை.)

சனிக்கிழமை காலை மொட்டைமாடியில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். முகம் வெயிலுக்குத் திரும்பியிருந்தது. இந்த பிளாக்கில் யார் வீட்டில் பால் திரிந்தாலும் எனக்குத் தெரியும். ஆனால் ஸ்டேஷனுக்குப் போனாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வடாம் பிழிந்துவிட்டு இறங்கிவிட்டேன்.

இதைப் படிக்கிற நீங்கள் தீர்ப்பு ஏதும் சொன்னதில்லை, நீங்கள் அவளிடம் கேட்கலாம். மாடிப்படி இடது பக்கம்.