மேட்டு ராஜாவும் ஹிகாசாவின் வாயும்

1

இந்தக் கதை எனக்குப் புல் வெட்டப் போன இடத்தில் கிடைத்தது. "ஒரு மழைநாளில் ஜன்னலோரம் அமர்ந்திருந்தபோது" என்று கௌரவமாகத் தொடங்கத்தான் ஆசை. அன்று மழை இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் தெருச் சங்கத்தில் இந்த முறை மேட்டைச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்திருந்தது.

மேடு என்றால், அந்தக் காலத்து ராஜா ஒருவரைப் புதைத்த மேடு. ஜப்பானில், ஒகாயாமாவில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. ராஜாவின் பெயர் யாருக்கும் தெரியாது. ராஜாதானா என்பதும் தெரியாது. (பணக்கார மாமனாராகக்கூட இருக்கலாம்.) பக்கவாட்டில் ஒரு வாசல், குனிந்து போனால் கல் அறை. வாசலில் நின்று, "தொந்தரவுக்கு மன்னிக்கணும், உள்ள வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நுழைவோம். செத்தவர் வீடானாலும் வீடுதானே.

நானும் சொன்னேன்.

"வாங்க. தலை இடிக்கும், பாத்து" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

2

[முதல் தொடக்கம், கைவிட்டது:] ஆயிரத்தைந்நூறு ஆண்டு இருட்டு என்னை நோக்கி மெல்ல

பொய். நான் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

[இரண்டாவது தொடக்கம்:] அந்தக் கம்பீரக் குரலுக்குரிய மாவீரன்

இதுவும் பொய். பின்னாலேயே ஓடிவந்தவர் பக்கத்து வீட்டு ஹிகாசா, பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒரு கையில் பார்லி டீ குடுவை, இடுப்பில் புகைந்துகொண்டிருக்கும் கொசுவர்த்தி டப்பா.

"நான்தாங்க! அரிவாளை விட்டுட்டு ஓடுறீங்களே!"

"உள்ள என்ன பண்றீங்க?"

"உக்காந்திருக்கேன். வீட்ல பதில் வரமாட்டேங்குது."

3

இங்கே கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்வது நமக்கும் உண்டு. இந்த ஊர்க்காரர்கள் திரும்பி வந்ததும் வாசலில் நின்று "வந்துட்டேன்" என்றும் சொல்வார்கள். உள்ளே இருப்பவர் "வந்தாச்சா" என்று சொல்ல வேண்டும். விருந்தாளிக்குத்தான் "வாங்க". வீட்டு மனிதருக்கு "வந்தாச்சா". அந்தச் சொல் கேட்டால்தான் வீடு வந்துசேர்ந்ததாக அர்த்தம். (ஆளில்லாத வீட்டில்கூட "வந்துட்டேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும்தான். சிரிக்காதீர்கள்.)

ஹிகாசாவின் மனைவி சுமியே அந்தச் சொல்லை நிறுத்திவிட்டார். சோறு சூடாக வருகிறது, குளிக்க வெந்நீர் தயாராக இருக்கிறது, சட்டை மடிப்புக் கலையாமல் கிடைக்கிறது. சொல் மட்டும் வருவதில்லை.

காரணம் ஹிகாசாவின் வாய். மேட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்தால் கூம்பு வைத்த கைமைக் பிடித்து விளக்குகிறவர் அவர்தான். போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நல்ல கூட்டம். அவருக்கும் குஷி பிறந்துவிட்டது.

"இந்த ராஜா இத்தனை நூற்றாண்டா நிம்மதியா தூங்குறாரு. ஏன்? பக்கத்துல சம்சாரம் இல்ல!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மைக்கின் வாய் ஹிகாசா வீட்டுக் கொல்லையைப் பார்த்திருந்தது. அங்கே சுமியே மெத்தையைக் காயப்போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மன்னிப்புக் கேக்கலையா?" என்றேன்.

"கேக்காமலா? தலை பாய்ல முட்டுற மாதிரி குனிஞ்சேன்."

"என்ன சொன்னாங்க?"

"'சாப்பாடு ஆறுது'ன்னா."

அதனால்தான் இங்கே வருகிறாராம். "வந்துட்டேன்"னு சொன்னால் கல் அறையாவது திருப்பிச் சொல்கிறதே.

"அதுவும் 'வந்துட்டேன்'னுதானே சொல்லும்?"

"ஆமாங்க. அதுதான் வம்பு. ரெண்டு பேரும் வந்துட்டோம், 'வந்தாச்சா'ன்னு கேக்கத்தான் ஆளில்ல."

சிரித்துவிட்டேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சங்கடமாகிவிட்டது.

4

என் முதல் பிரதியில் சுமியே அழுதார். ஜன்னலில் சாய்ந்து, தனியாக, அழகாக. எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு கொத்துத் திராட்சையோடு போய் நேரிலேயே கேட்டுவிட்டேன்.

"அழுதேனா? அழிங்க முதல்ல" என்றார். "மெத்தைக்கு இன்னும் நாலு சாத்து சாத்தினேன். அதை எழுதுங்க."

"அந்த ஜோக்குக்கா இவ்வளவு கோபம்?"

"அது பழைய ஜோக்குங்க. எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே பழசு." திராட்சையை நீரில் அலசினார். "எல்லாரும் சிரிச்சப்போ அவரும் சிரிச்சாரு. வாய்விட்டு. அந்தச் சிரிப்பை நான் கேட்டு எவ்வளவு காலமாச்சு தெரியுமா? ஊராருக்கு அந்தச் சிரிப்பு, எனக்கு வாசல்ல வெறும் 'வந்துட்டேன்' சத்தமா?"

நான் எழுதி வைத்திருந்த வசனம் எதுவும் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

"சரி, கதை எப்படி முடியுது?" என்று கேட்டார்.

"தெரியலை."

"நல்ல எழுத்தாளர் போங்க!"

5

முடிவுகள்:

(அ) நிலநடுக்கம். வாசல் அடைபடுகிறது, சுமியே வெறுங்கையால் கல்லைப் பெயர்த்து ஹிகாசாவை மீட்கிறார். ஜப்பானில் கதை நடந்தால் நிலம் நடுங்கித்தான் தீர வேண்டுமா? சோம்பேறித்தனம். நீக்கம்.

(ஆ) ராஜாவே எழுந்து வருகிறார். "டேய், என் சம்சாரம் எங்கேன்னு உன்கிட்ட யாருடா கேட்டா? எதிர் மேட்டுல இருக்கா. அவ ஒரு வார்த்தை பேசமாட்டாளான்னு நான்

இது எனக்குப் பிடித்திருந்தது. இந்த வரியை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஜன்னல் வழியே பார்த்தேன். கையில் சாப்பாட்டுத் தூக்கோடு சுமியே மேட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். ராஜாவைப் பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனேன்.

6

கல்வாசலில் சுமியே நின்றார். நாங்கள் எல்லாரும் அங்கே சொல்லும் "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" அவர் வாயிலிருந்து வரவில்லை. தூக்கை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, இருட்டைப் பார்த்துச் சொன்னார்:

"வந்துட்டேன்."

"வந்துட்டேன்" என்றது கல் அறை.

ஹிகாசாவின் குரலைக் காணோம். கையில் மைக் கிடைத்தால் சாயங்காலம்வரை பேசுகிற மனிதர் அவர். உள்ளேயிருந்து கொசுவர்த்திப் புகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

புதருக்குப் பின்னாலிருந்து அவருக்காக நானே சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அது வெறும் சத்தம், ஆசிரியர் சொன்னால் வெறும் மை.

அதனால் இந்த இடத்தில் கதையை உங்களிடம் விடுகிறேன். எந்தச் சொல் என்று உங்களுக்கே தெரியும். "வாங்க" இல்லை, மற்றது. கத்த வேண்டாம், சுமியேவுக்குக் காது கூர்மை, வந்த வினையே அதனால்தானே. சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது.

சீக்கிரம் சொல்லுங்கள். சாப்பாடு ஆறுகிறது.